ஒளிக்கும் கெஜக்கோல் வைத்த ஓலே ரோமர்



சில மாதங்களுக்கு முன் நம் கடைக்கு 20 பீஸ் துணி வந்தது. பில்லில் ஒவ்வொரு பீஸுக்கும் நேரே 40 என்று போட்டிருந்தார்கள். நாம் அதை மீட்டர் என்று எண்ணி விலை கட்டி விற்கத் தொடங்கினோம். அளந்து பார்த்தபோதுதான் அது கெஜம் என்று தெரிந்தது. 40 கெஜம் என்பது மீட்டரில் 36½க்குச் சற்று மேல், அவ்வளவே. 20 பீஸில் ஏறத்தாழ 68 மீட்டர் துணி நமக்குக் கைவிட்டுப் போயிற்று. அனுப்பியவர் நல்ல மனிதர், ஏமாற்றவில்லை. எண்ணுக்குப் பக்கத்தில் ஓர் எழுத்து இல்லாமற் போனதுதான் குற்றம்.

அந்த வாரமே இன்னொன்றும் நடந்தது. வீட்டில் பிள்ளை பள்ளிப் பாடத்தை வைத்துக்கொண்டு, ஓர் ஒளி ஆண்டு என்பது எத்தனை வருஷம், அத்தா, என்று கேட்டது. நாம் படித்தது மதரஸாவும் ஆரம்பப் பள்ளியுந்தான். ஆண்டு என்றிருப்பதால் காலம் என்று நினைத்து ஏதோ சொல்லி வைத்தோம். மறுநாள் பிள்ளை திரும்பி வந்து, அது காலமல்ல, தூரம் என்று நமக்கே பாடம் சொல்லிற்று. கெஜத்தையும் மீட்டரையும் குழப்பியது ஒன்று, தூரத்தையும் காலத்தையும் குழப்பியது மற்றொன்று. ஒரே வாரத்தில் இரண்டு. சரி, இந்த ஒளி ஆண்டை யார் கண்டுபிடித்து நம் தலையில் கட்டினார்கள் என்று தேடப் போனோம். தேடிய இடத்தில் ஒரு மனிதர் அகப்பட்டார். அவர் வானத்தை அளந்தவர் மட்டுமல்லர். கடைத்தெருவில் ராத்தலையும் முழத்தையும் ஒழுங்கு செய்தவரும் அவரே. வியாபாரி வீட்டுப் பிள்ளை வேறு. ஆகவே அவருடைய வரலாற்றை நம் பக்கத்தில் எழுதாமலிருக்க மனம் ஒப்பவில்லை.

அவர் பெயர் ஓலே ரோமர். 1644ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் டென்மார்க் தேசத்தில் ஆர்ஹூஸ் என்னும் துறைமுகப் பட்டினத்தில் பிறந்தார். தகப்பனார் கிறிஸ்டன் பெடர்சன் வியாபாரி, கப்பல் தலைவருங்கூட. அவ்வூரில் அதே பெயரில் வேறு பலரும் இருந்தபடியால், தம் பூர்வீகமான ரோமோ என்ற தீவின் பெயரைச் சேர்த்து ரோமர் என்று தம்மை அழைத்துக்கொண்டார். நம்மவர்கள் பெயருக்கு முன்னால் ஊர்ப் பெயரைப் போட்டுக்கொள்வது போலத்தான். கடையும் கப்பலும் உள்ள வீட்டில் பிறந்த பிள்ளை அளவும் நிறையும் கேட்டுத்தானே வளரும்.

டென்மார்க் எங்கோ வடகோடியில் உள்ள தேசம், நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் தரங்கம்பாடியை நினைத்துப் பார்க்கட்டும். காரைக்காலுக்கும் நாகூருக்கும் பக்கத்தில் உள்ள அந்தப் பட்டினம் 1620 முதல் 1845 வரை டேனிஷ்காரர் கையில் இருந்தது. ரோமர் உயிரோடு இருந்த காலம் முழுவதும் அங்கே கோட்டையில் பறந்தது அவருடைய ராஜாவின் கொடியே.

1662இல் ஊர்ப் பள்ளியை முடித்துக்கொண்டு தலைநகரான கோபன்ஹேகன் சென்று சர்வகலாசாலையில் சேர்ந்தார். அடுத்த வருஷமே தகப்பனார் காலமானார். அங்கே ராஸ்முஸ் பார்த்தோலின் என்ற பேராசிரியர் அவரைத் தம் வீட்டிலேயே தங்கவைத்துக்கொண்டார். ஐஸ்லாந்திலிருந்து வந்த ஒருவகைப் பளிங்குக் கல்லின் வழியே பார்த்தால் ஒரே பொருள் இரண்டாகத் தெரிவதை 1669இல் உலகுக்கு அறிவித்தவர் இந்த ஆசிரியர்தான். ஒளியைப் பற்றிய பேச்சு நடந்துகொண்டேயிருந்த வீடு அது. டைகோ பிராஹே என்ற பழைய வானசாஸ்திரியின் கையெழுத்துக் குறிப்புகளை அச்சுக்குத் தயார் செய்யும் வேலை மாணவர் ரோமரிடம் ஒப்படைக்கப்பட்டது.

அந்தக் குறிப்புகள் வெறும் நட்சத்திரக் கணக்குகள். அவற்றைச் சரியாகப் பயன்படுத்த வேண்டுமானால் டைகோ எந்த இடத்தில் நின்று பார்த்தார் என்று துல்லியமாகத் தெரியவேண்டும். அதற்காக 1671இல் ழான் பிகார் என்ற பிரெஞ்சு வானசாஸ்திரி பாரிஸிலிருந்து புறப்பட்டு வந்தார். டைகோவின் ஆராய்ச்சிக்கூடம் இருந்த ஹ்வென் தீவு அப்பொழுது இடிபாடாகக் கிடந்தது. ரோமர் அவருக்குத் துணையாகச் சென்றார்.

அவர்கள் செய்த வேலை இதுதான். வியாழன் என்னும் கிரகத்துக்குப் பெரிய சந்திரன்கள் நான்கு உண்டு என்பதை 1610இல் கலிலியோ தூரதிருஷ்டிக் கண்ணாடியால் கண்டுபிடித்திருந்தார். அவற்றில் உள்ளே இருப்பது அயோ. 42½ மணி நேரத்துக்கு ஒருமுறை அது வியாழனைச் சுற்றி வந்து அதன் நிழலில் புகுந்து வெளியேறும். இது வானத்தில் தொங்கும் ஒரு கடிகாரம். அயோ நிழலில் புகும் அதே கணத்தைப் பாரிஸில் ஒருவர் குறித்துக்கொள்ள, ஹ்வென் தீவில் இன்னொருவர் குறித்துக்கொண்டால், இரண்டு ஊர்க் கடிகாரங்களின் வித்தியாசத்திலிருந்து அவ்வூர்கள் கிழக்கு மேற்காக எவ்வளவு விலகியிருக்கின்றன என்று கணக்குப் போட்டுவிடலாம். கடலில் கப்பல் எங்கே நிற்கிறது என்று அறிய வழி தெரியாமல் சரக்கும் உயிரும் மூழ்கிக்கொண்டிருந்த காலம் அது. ஆகையால் ராஜாக்கள் இந்த ஆராய்ச்சிக்குப் பணத்தை வாரி இறைத்தார்கள். பாரிஸில் இருந்து அயோவைக் குறித்தவர் காஸ்ஸினி, இத்தாலியில் பிறந்து பிரெஞ்சு ராஜாவின் வானாராய்ச்சிக் கூடத்துக்குத் தலைவராக இருந்தவர். அவர் கணித்து வெளியிட்ட அட்டவணைகளையே எல்லோரும் நம்பினார்கள்.

வேலை முடிந்ததும் பிகார் ரோமரைக் கையோடு பாரிஸுக்கு அழைத்துச் சென்றார். அது 1672. பதினான்காம் லூயி ராஜா அவரைத் தம் மகனுக்குக் கணித ஆசிரியராக நியமித்தார். வெர்சாய் அரண்மனையின் நீரூற்றுகளை அமைக்கும் வேலையிலும் அவர் பங்கு கொண்டார். பகலெல்லாம் இப்படி அரண்மனை உத்தியோகம். இரவில் அயோ.

இப்பொழுது விஷயத்துக்கு வருவோம். அயோ கடிகாரம் சரியாக ஓடவில்லை. பூமி வியாழனை விட்டு விலகிப்போகும் மாதங்களில் அது நிழலிலிருந்து வெளிவருவது அட்டவணையில் சொன்ன நேரத்துக்குப் பிந்திக்கொண்டே போயிற்று. பூமி வியாழனை நோக்கி வரும் மாதங்களிலோ முந்திக்கொண்டே வந்தது. ஒரு சுற்றில் பார்த்தால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாத சில விநாடிகள்தாம். பல சுற்றுகள் சேர்ந்தால் நிமிஷங்கள் ஆகிவிடுகின்றன.

இதை நம் பிழைப்பில் வைத்துப் பார்த்தால் எளிதில் விளங்கும். சிங்கப்பூரில் உள்ள தமையனார் திங்கட்கிழமைதோறும் தவறாமல் ஒரு கடிதம் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். தம்பி சரக்கு விற்பதற்காக ஜொகூர், மலாக்கா, கோலாலம்பூர், ஈப்போ, அலோர் ஸ்டார் என்று வடக்கே போய்க்கொண்டிருக்கிறார். முதல் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைக்கிறது, அடுத்தது புதன், அதற்கடுத்தது வியாழன். தம்பி என்ன நினைப்பார்? அண்ணன் சோம்பேறியாகிவிட்டார், கடிதம் போடும் நாளைத் தள்ளிக்கொண்டே போகிறார் என்று நினைப்பார். திரும்பித் தெற்கே வரும்போது கடிதம் வாரத்துக்கு வாரம் சீக்கிரமாக வரும். அப்பொழுது அண்ணனுக்குப் புத்தி வந்துவிட்டது என்பார். அண்ணனோ என்றைக்கும் திங்கட்கிழமைதான் தபாலில் போடுகிறார். மாறியது தபாற்காரர் ஓட வேண்டிய தூரம். ஊருக்கு ஊர் எத்தனை மைல் என்றும், கடிதம் மொத்தம் எத்தனை நாள் பிந்தியது என்றும் தெரிந்தால், தபாற்காரர் நாளொன்றுக்கு எவ்வளவு தூரம் ஓடுகிறார் என்று கண்டுபிடித்துவிடலாம் அல்லவா? அயோ அண்ணன், பூமி தம்பி, ஒளி தபாற்காரர். ரோமர் கண்டது இவ்வளவே. ஆனால் அவருக்கு முன் எத்தனையோ பெரிய கண்கள் அதே அட்டவணையைப் பார்த்தும் அதைக் காணவில்லை.

ஒளி பிரயாணம் செய்கிறது, அதற்கும் நேரம் பிடிக்கிறது என்ற எண்ணம் முற்றிலும் புதியதல்ல என்பதையும் இங்கே சொல்லவேண்டும். பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம், ரோமருக்கு 600 ஆண்டுகளுக்கு முன்பே, நம் புலனுக்கு எட்டாவிட்டாலும் ஒளியின் நகர்வுக்குக் காலம் உண்டு என்று கருதினார். அவருடைய கிதாபுல் மனாஸிர் 1572இல் லத்தீன் மொழியில் அச்சாகி ஐரோப்பா எங்கும் படிக்கப்பட்டது. கலிலியோவோ, இரண்டு பேர் தூரதூரமாக நின்று விளக்கைத் திறந்து மூடிப் பார்க்கும் ஒரு சோதனையைப் பற்றி 1638இல் எழுதினார். ஒரு மைலுக்கும் குறைவான தூரத்தில் அதனால் ஒன்றும் தெரியவில்லை, தெரியவும் தெரியாது. பிரான்ஸில் டேக்கார்ட்டின் வார்த்தையே வேதவாக்காக இருந்த காலம். ஒளி கணப்பொழுதும் இல்லாமல் போய்ச் சேரும் என்பது அவர் கட்சி. எண்ணம் இருந்தது, எண் இல்லை. எண்ணைக் கொண்டுவந்தவர் ரோமர்.

1676 ஆகஸ்டு மாதத்தில் காஸ்ஸினியே விஞ்ஞான சபையில், ஒளி நம்மிடம் வர நேரம் பிடிப்பதால் இந்தப் பிழை ஏற்படலாம் என்று ஓர் அபிப்பிராயம் கூறினார். பின்னர் அதிலிருந்து பின்வாங்கிவிட்டார். மற்ற மூன்று சந்திரன்களிடம் இதே கணக்கு சரியாக ஒத்துவரவில்லை என்பது அவர் சொன்ன காரணம். அது முற்றிலும் வீண் காரணமும் அல்ல. அந்தச் சந்திரன்களின் ஓட்டம் அப்பொழுது சரிவரத் தெரியாது. எச்சரிக்கையான முதலாளி சந்தேகமான சரக்கைக் கையில் எடுக்கமாட்டார். ஆனால் 32 வயதான ரோமர் எடுத்தார். அந்த வருஷம் நவம்பர் 9ஆம் தேதி மாலை அயோ நிழலிலிருந்து வெளிவந்தபோது கணக்குக்கு 10 நிமிஷம் பிந்தி, 5 மணி 35 நிமிஷம் 45 விநாடிக்குத்தான் கண்ணுக்குத் தெரிந்தது. அம்மாதமே ரோமர் சபையில் தம் முடிவைப் படித்தார். டிசம்பர் 7ஆம் தேதி அது பாரிஸ் அறிஞர்களின் பத்திரிகையில் அச்சாயிற்று. பூமி சூரியனைச் சுற்றும் பாதையின் முழுக் குறுக்களவைக் கடக்க ஒளிக்கு 22 நிமிஷம் பிடிக்கிறது என்பது அவர் முடிவு.

மேலதிகாரிக்கு எதிராக ஓர் அந்நிய தேசத்து இளைஞர் சபையில் எழுந்து நின்று சொல்லியிருக்கிறார். சபை பெரும்பாலும் காஸ்ஸினியின் பக்கமே நின்றது. காஸ்ஸினி கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. ரோமரும் கடைசிவரை தம் கணக்கைக் கைவிடவில்லை. 1679இல் அவர் இங்கிலாந்து சென்றபோது நியூட்டன், ஹாலி, பிளாம்ஸ்டீட் ஆகியோரைச் சந்தித்தார். அங்கே அவர் கணக்குக்கு மதிப்பு இருந்தது.

22 நிமிஷம் என்பது சரியான எண் அல்ல. சரியானது 16 நிமிஷம் 38 விநாடி. நாலில் ஒரு பங்குக்கு மேல் பிழை. அன்றைய கடிகாரமும் கண்ணாடியும் அவ்வளவுதான். ஹாலி 1694இல் திருத்திக் கணக்கிட்டு, சூரியனிலிருந்து பூமிக்கு ஒளி வர 8½ நிமிஷம் என்று சொன்னார். இன்றைய கணக்கு 8 நிமிஷம் 19 விநாடி.

இதில் வியாபாரிகள் கவனிக்கத்தக்க ஒன்று உண்டு. ரோமர் ஒளியின் வேகத்தை மைலில் சொல்லவேயில்லை! பூமியின் குறுக்களவான சுமார் 3,000 லீக் தூரத்தைக் கடக்க அதற்கு ஒரு விநாடிகூட வேண்டாம் என்று மட்டும் எழுதினார். ஏன்? மைலில் சொல்லவேண்டுமானால் சூரியன் எத்தனை மைல் என்று தெரியவேண்டும். அது 1672இல்தான் செவ்வாய்க் கிரகத்தைப் பாரிஸிலிருந்தும் தென் அமெரிக்காவின் கயேன் தீவிலிருந்தும் பார்த்து உத்தேசமாகக் கணக்கிடப்பட்டிருந்தது. நேரம் தமக்குத் திட்டமாகத் தெரியும், தூரம் தெரியாது. ஆகவே தெரிந்ததைத் தெரிந்த அளவையிலேயே சொல்லி நிறுத்திக்கொண்டார். பில்லில் எழுதத் தெரியாத அளவை எழுதாமல் விடுவது எவ்வளவு பெரிய காரியம் என்பது 68 மீட்டர் இழந்த நமக்குத் தெரியும். வேகத்தைத் தூரமாக மாற்றிச் சொன்னவர் ஹாலந்து தேசத்து ஹைகன்ஸ். 1690இல் வெளியிட்ட நூலில் அவர் ரோமரின் நிமிஷத்தை எடுத்துக்கொண்டு, விநாடிக்குப் பூமியின் குறுக்களவைப்போல் 16⅔ மடங்கு என்று கணக்கிட்டார். நம் கிலோமீட்டரில் அது 2 லட்சத்து 12 ஆயிரம் வரும். உண்மை 2 லட்சத்து 99 ஆயிரத்து 792 கிலோமீட்டர், மைலில் 1 லட்சத்து 86 ஆயிரத்து 282.

1681இல் ரோமர் சொந்த தேசம் திரும்பினார். கோபன்ஹேகனில் வானசாஸ்திரப் பேராசிரியர் பதவியும், ராஜாவின் கணிதர் என்ற பட்டமும் காத்திருந்தன. அவ்வருஷமே தம் பழைய ஆசிரியர் பார்த்தோலினின் மகள் ஆன் மரியை மணந்துகொண்டார்.

நம் மனத்துக்கு மிகவும் பிடித்த பகுதி இனித்தான் வருகிறது. அந்நாளில் டென்மார்க்கில் ஊருக்கு ஊர் முழமும் ராத்தலும் வேறு வேறாக இருந்தன. வாங்கும் ஊரில் ஓர் அளவு, விற்கும் ஊரில் ஓர் அளவு. யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம் என்பது அளவுகோலைப் பிடித்திருப்பவன் கையில். நம் தகப்பனார் காலத்தில் காட்டியும் ராத்தலும் கிலோவும் ஒரே மேஜைமீது கிடந்த கூத்தை அவர் வாயாலேயே கேட்டிருக்கிறோம். ஐந்தாம் கிறிஸ்டியான் ராஜா இதை ஒழுங்கு செய்யும் பொறுப்பை ரோமரிடம் கொடுத்தார். 1683 மே 1ஆம் தேதி தேசம் முழுமைக்கும் ஒரே நிறை, ஒரே அளவு என்ற சட்டம் வந்தது.

சட்டம் போடுவது சுலபம், அவர் அதற்குக் கொடுத்த அடிப்படைதான் அருமை. எல்லாவற்றையும் ஓர் அடியிலிருந்து பிறக்கவைத்தார். இரண்டு அடி சேர்ந்தால் ஒரு முழக்கோல். 24,000 அடி சேர்ந்தால் ஒரு டேனிஷ் மைல், அதாவது நம் கணக்கில் ஏழரை கிலோமீட்டர். நிறையும் அந்த அடியிலிருந்தே வந்தது. ஒரு கன அடித் தண்ணீரின் எடையை 62 பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு ராத்தல். ஆகவே படிக்கல் தொலைந்தாலும் அடிக்கோலும் தண்ணீரும் இருந்தால் ராத்தலைத் திரும்ப உண்டாக்கிவிடலாம். முதலில் ரைன் நதி நாட்டு அடியை வைத்துக்கொண்டார். 1698இல் இன்னும் துல்லியமான தேசிய அளவு நடைமுறைக்கு வந்தது. பிற்காலத்தில் அவர் செய்வித்த மூல அளவுகோல்களைச் சோதித்தவர்கள் அவற்றின் நுட்பத்தைக் கண்டு வியந்தார்கள். சாலைகளை அளந்து மைல் கல் நடும் திட்டமும் அவருடையதே.

அடிக்கோலும் தொலைந்துவிட்டால்? அந்தக் கேள்வியும் அவரை விடவில்லை. மனிதன் செய்த இரும்புக் கோலை நம்பாமல், இயற்கையிலிருந்தே அளவை எடுக்கவேண்டும் என்பது அவர் ஆசை. விநாடிக்கு ஓர் ஆட்டம் ஆடும் ஊசல் குண்டின் நீளத்தை மூல அளவாக வைத்துக்கொள்ளலாம் என்பது அக்காலத்து அறிஞர் பலர் எண்ணம். ரோமரும் அதை விரும்பினார். ஆனால் கயேனுக்குப் போன அதே பிரெஞ்சுக் கூட்டம், பாரிஸில் சரியாக விநாடி அடித்த ஊசல் அங்கே மெதுவாக ஆடியதைக் கண்டு, நீளத்தைக் குறைக்க வேண்டியதாயிற்று. பூமத்திய ரேகைக்குக் கிட்டப் போனால் பூமியின் இழுப்புக் குறைவதே காரணம். ஊருக்கு ஊர் மாறும் முழத்தை ஒழிக்கப் புறப்பட்டவருக்கு ஊருக்கு ஊர் மாறும் ஊசல் எப்படி உதவும்? அந்த ஆசை அவர் காலத்தில் நிறைவேறவில்லை. நேரத்திலிருந்து நீளத்தை எடுக்கவேண்டும் என்ற எண்ணம் மட்டும் நின்றது. சாகாமல் இருந்த அந்த எண்ணத்தின் முடிவைப் பிறகு சொல்வோம்.

அவருடைய மற்ற வேலைகளைப் பட்டியல் போட்டால் பக்கம் போதாது. 1700இல் பழைய பஞ்சாங்கத்தை மாற்றச் செய்தார். பிப்ரவரி 18க்கு மறுநாள் மார்ச் 1 என்று 11 நாட்கள் கழிக்கப்பட்டன. அந்தப் பதினோரு நாள் வட்டியை யார் யாருக்குக் கொடுத்தார்களோ! ஜுரக்கண்ணாடி விஷயமும் உண்டு. தண்ணீர் உறைவதை 7½ பாகையாகவும் கொதிப்பதை 60 பாகையாகவும் வைத்து ஒரு வெப்பமானி செய்திருந்தார். 1708இல் அதைப் பார்க்க வந்த இளைஞர் ஒருவர் அதை வளர்த்துத் தம் பெயரில் ஓர் அளவை செய்துகொண்டார். அவர் பெயர் பாரன்ஹீட். ஊரில் இன்றும் ஜுரம் நூற்றிரண்டு என்று சொல்கிறார்களே, அந்தக் கணக்கின் பாட்டனார் ரோமர்.

1705இல் கோபன்ஹேகன் போலீஸ் தலைவர் பதவி அவருக்கு வந்தது. வந்ததும் அவர் செய்த முதற்காரியங்களில் ஒன்று, போலீஸ் படை முழுவதையும் வீட்டுக்கு அனுப்பியது! ஒழுங்கு கெட்டுக் கிடக்கிறது என்று கண்டார், ஆள் ஆளாக விசாரித்துக்கொண்டிருக்கவில்லை. அதில் நல்லவர்களும் சிலர் இருந்திருக்கக்கூடும் என்று நமக்குத் தோன்றுகிறது. நட்சத்திரத்தைக் கணக்கிடுவது போல மனிதரைக் கணக்கிட முடியுமா என்பதில் நமக்கு ஐயமுண்டு. ஆனால் வேலையும் நடந்தது. எண்ணெய் விளக்குகளைத் தெருக்களில் நிறுத்தினார். குடிதண்ணீர்க் குழாய்களையும் சாக்கடைகளையும் சீர்படுத்தினார். தீயணைக்கும் படைக்குப் புதுக் கருவிகள் வாங்கினார். புது வீடு கட்டுவதற்கு விதிகள் செய்தார். பிச்சைக்காரர்கள், வேலையற்றவர்கள் பிரச்னையிலும் தலையிட்டார். இத்தனைக்கும் நடுவில் நகரத்துக்கு வெளியே 1704இல் தம் சொந்த வானாராய்ச்சிக் கூடத்தைக் கட்டி, இரவில் நட்சத்திரங்கள் உச்சி கடக்கும் நேரத்தைக் குறித்துக்கொண்டிருந்தார். ஒளியின் வேகத்தை அளந்தவரே தெருவிளக்கும் போட்டார் என்பது நமக்குக் கதை போலத் தோன்றுகிறது, ஆனால் கதையல்ல.

1710 செப்டம்பர் 19ஆம் தேதி, 66 வயது நிறைய ஒரு வாரம் இருக்கையில் காலமானார். கோபன்ஹேகனின் பெரிய தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

அவருடைய பெயர் பாதி மறைந்துபோனதற்குக் காரணம் ஒரு தீ. 1728 அக்டோபரில் கோபன்ஹேகனில் பெருந்தீ மூண்டது. ஆயிரக்கணக்கான இரவுகளின் குறிப்புகள் சாம்பலாயின. அவர் நூல்களாக எழுதி வெளியிட்டவையோ சொற்பம். எல்லாம் சேர்ந்த பிறகு வெளியிடலாம் என்று வைத்திருந்தார் போலும். பீட்டர் ஹாரிபோ என்ற அவருடைய சீடர் சிலவற்றைக் காப்பாற்றினார். 1706 அக்டோபரில் மூன்று இரவுகள் பார்த்துக் குறித்த கணக்கு தப்பியது. ஒரு கடையின் கணக்குப் புத்தகமெல்லாம் எரிந்து மூன்று நாள் சிட்டை மட்டும் மிஞ்சினால் எப்படி இருக்கும்? அந்த மூன்று நாள் சிட்டையே மனிதர் எவ்வளவு நாணயமானவர் என்று காட்டப் போதுமானதாயிற்று.

விந்தை என்னவென்றால், தீப்பிடித்த அந்த ஆண்டை ஒட்டித்தான் இங்கிலாந்தில் ஜேம்ஸ் பிராட்லி என்பவர் நட்சத்திரங்கள் வருஷந்தோறும் சிறிது இடம் பெயர்வதுபோல் தோன்றுவதை ஆராய்ந்து, வேறொரு வழியில் அதே முடிவுக்கு வந்தார். சூரிய ஒளி நம்மை வந்தடைய 8 நிமிஷம் 12 விநாடி என்றார். அத்துடன் காஸ்ஸினி கட்சி ஓய்ந்தது. ரோமர் மட்டும் அதைக் கேட்க இல்லை. 1849இல் பிஸோ என்னும் பிரெஞ்சுக்காரர் பல் சக்கரம் ஒன்றைச் சுழலவிட்டு, வானத்தின் துணையே இன்றித் தரையிலேயே ஒளியின் வேகத்தை அளந்தார்.

இனி நம் பிள்ளையின் கேள்விக்கு வருவோம். வேகம் திட்டமாகத் தெரிந்துவிட்டால் நேரத்தைக்கொண்டே தூரத்தைச் சொல்லலாம். ஈப்போ எவ்வளவு தூரம் என்றால் பஸ்ஸில் இத்தனை மணி நேரம் என்று நாம் சொல்வதில்லையா, அதே வழக்கந்தான். மாற்றுவது கடினமல்ல, பெருக்கல் வாய்ப்பாடு போதும். ஓர் ஒளி விநாடி 2,99,792 கிலோமீட்டர். அதை 60ஆல் பெருக்கினால் ஓர் ஒளி நிமிஷம், ஏறத்தாழ 1 கோடியே 80 லட்சம் கிலோமீட்டர். மறுபடி 60ஆல் பெருக்கினால் ஓர் ஒளி மணி, சுமார் 108 கோடி. 24ஆல் பெருக்கினால் ஒளி நாள், 2,590 கோடி. 365¼ஆல் பெருக்கினால் ஒளி ஆண்டு, 9 லட்சத்து 46 ஆயிரம் கோடி கிலோமீட்டர். அந்தக் கால் நாளை விட்டுவிடக்கூடாது. விட்டால் 650 கோடி கிலோமீட்டர் குறைந்துபோகும். நம் 68 மீட்டர் எம்மாத்திரம்! திருப்பி மாற்றுவதானால் வகுக்கவேண்டும். வியாழன் சூரியனிலிருந்து சராசரி 77 கோடியே 80 லட்சம் கிலோமீட்டர். அதை ஓர் ஒளி நிமிஷத்தால் வகுத்தால் 43 சொச்சம், அதாவது 43 ஒளி நிமிஷம். சூரியனை விட்டால் நமக்கு மிக அருகில் உள்ள நட்சத்திரம் 4¼ ஒளி ஆண்டுத் தூரத்தில் இருக்கிறது. நாம் இன்று பார்ப்பது அது நாலேகால் வருஷத்துக்கு முன் போட்ட கடிதம்.

சிறிய பக்கமும் உண்டு. பிள்ளைகளின் பள்ளி அடிக்கோல் 30 சென்டிமீட்டர். அதன் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு ஒளி செல்ல ஒரு விநாடியில் நூறு கோடியில் ஒரு பங்கு. நம் லாரிக்காரரின் கைப்பேசி வழி காட்டுவது இதனால்தான். 20,000 கிலோமீட்டருக்கு மேலே சுற்றும் துணைக்கோள்கள் அனுப்பும் அலை ஒளியின் வேகத்தில் வருகிறது. வந்து சேர எடுத்த நேரத்தைத் தூரமாக மாற்றித்தான் லாரி எந்தத் தெருவில் நிற்கிறது என்று அது கண்டுகொள்கிறது. நேரக் கணக்கில் ஒரு விநாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு தவறினால் 300 மீட்டர் தள்ளிப்போய், சரக்கு வேறு கடை வாசலில் இறங்கும்.

ரோமரின் பழைய ஆசையின் முடிவைச் சொல்கிறோம் என்றோமே, அது இது. 1983இல் உலக நாடுகளின் அளவை மாநாடு பாரிஸில் கூடி, மீட்டர் என்பது ஒளி ஒரு விநாடியின் 29,97,92,458 பங்கில் ஒரு பங்கு நேரத்தில் வெற்றிடத்தில் செல்லும் தூரம் என்று தீர்மானித்தது. ரோமர் டென்மார்க்கில் சட்டம் கொண்டுவந்து சரியாக 300 வருஷம். ஊசலால் முடியாததை ஒளி முடித்தது. எந்த ஊருக்குப் போனாலும் மாறாத அளவு அது. நம் கடை மேஜையோரம் பதித்திருக்கும் பித்தளைக் கோடு உட்பட உலகத்து மீட்டர் எல்லாம் இன்று அதன் பிள்ளைகள்.

அவர் பிறந்த ஆர்ஹூஸில் அவர் பெயரால் ஒரு வானாராய்ச்சிக் கூடம் இருக்கிறது. சந்திரனிலும் ஒரு பள்ளத்துக்கு ரோமர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சந்திரன் இருப்பது சராசரி 3,84,400 கிலோமீட்டர் தூரத்தில். அந்தப் பள்ளத்திலிருந்து புறப்படும் ஒளி நம் கண்ணுக்கு வர ஒன்றேகால் விநாடிக்குச் சற்று மேல் பிடிக்கும். பிள்ளைக்கு இதைச் சொன்னோம். வகுத்துப் பார்த்துவிட்டு, சரிதான் அத்தா, என்றது.